ஸ்பிரிங்கை மாற்றினால் வகுப்பு மாறும்

ஒரே நிறம், ஒரே மாடல், ஒரே ஆண்டில் தயாரான இரண்டு மாஸ்டா மியாட்டா கார்கள் அருகருகே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் கதவுகளிலும் நீல ஒட்டுநாடாவைக் கிழித்து எழுத்துகளாக ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துகள்தான் கார் எந்த வகுப்பில் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். முதல் காரில் ஒரு வகுப்பு, இரண்டாவதில் வேறொரு வகுப்பு. குனிந்து பார்த்தால் ஒரே ஒரு வித்தியாசம்தான் தெரிகிறது. இரண்டாவது காரின் சொந்தக்காரர் தொழிற்சாலை கொடுத்த நான்கு ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுச் சற்றுக் குட்டையான நான்கைப் போட்டிருக்கிறார். வண்டி இரண்டு விரற்கடை இறங்கி எடுப்பாக நிற்கிறது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் பழைய வேகம்கூட இல்லை. மேடு பள்ளத்தில் அடிதட்டித் துள்ளுவதால் முன்னைவிட அரை நொடி கூடுதலாகவே எடுத்துக்கொள்கிறது. இருந்தும் போட்டி நடத்துபவர்கள் அந்தக் காரை முதல் காரோடு ஓட விடுவதில்லை. இன்ஜின் கணினியின் நிரலையும் சக்கரத்தின் சாய்வையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகங்களையும் மாற்றிய கார்களோடு போய் ஓடச் சொல்கிறார்கள்.

மெதுவாகிப்போன காரை வேகமான கூட்டத்துக்குள் அனுப்புவது என்ன நியாயம்?

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் ஓட்ட வரும் புதியவர்கள் பலருக்கும் எழும் கேள்வி இது. பார்க்கச் சட்டப்புத்தகக் கேள்விபோல் இருந்தாலும், விடை தேடிப் போனால் ரப்பரின் இயல்புக்கும், அதைத் தாண்டி, ஒன்றோடொன்று கலந்துவிட்ட இரண்டு காரணங்களை எப்படிப் பிரித்து அளப்பது என்ற பழைய அறிவியல் சிக்கலுக்கும் வந்து சேர்வோம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஆட்டோகிராஸ் என்றால் புல்தரையிலும் மண்தரையிலும் ஓடுவது. அமெரிக்காவில் அது வேறு. பெரிய கார் நிறுத்துமிடத்திலோ பழைய விமானத்தளத்தின் கான்கிரீட் பரப்பிலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, நெளிந்து வளையும் பாதை ஒன்றை அமைப்பார்கள். கார்கள் போதிய இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். எதிராளி கடிகாரம் மட்டுமே. ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம். அதில் பெரும்பகுதி இரண்டாவது கியரிலேயே கழிந்துவிடும். நெடுஞ்சாலையில் போகும் வேகத்தைத் தாண்டுவது அரிது. ஒவ்வொரு கூம்பின் அடியையும் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு கட்டம் வரைந்திருக்கும். கூம்பு நிமிர்ந்து நின்று, அதன் அடிப்பாகத்தின் ஓரமாவது கட்டத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தப்பித்தீர்கள். சாய்ந்தாலோ, முழுக்க வெளியே போனாலோ 2 நொடி கூடும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை நேரம் குறிக்கப்படும் விளையாட்டில் 2 நொடி என்பது மலை.

1944-இல் தொடங்கிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கழகம் இதை ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. அதன் தேசியப் போட்டி 1973 முதல் நடக்கிறது. 2009-இல் அது நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், முன்பு விமானப்படைத் தளமாக இருந்த கான்கிரீட் வெளிக்கு வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் வந்து ஓட்டுவார்கள். இரண்டு பாதைகள்; ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள்; இரண்டிலும் கிடைத்த சிறந்த நேரங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். பணப்பரிசுக்காக வருபவர்கள் அல்லர் இவர்கள். வார நாளில் அலுவலகத்துக்கும் கடைக்கும் போகிற காரையே ஞாயிற்றுக்கிழமை கூம்புகளுக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் நாடு முழுக்க நிறைய.

கடிகாரம் ஓர் எண்ணைத்தான் சொல்லும். 58.214 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணுக்குள் ஓட்டுபவரின் கையும் கண்ணும் இருக்கின்றன; காரின் எடை, டயரின் ரப்பர், தரையின் சொரசொரப்பு, அன்றைய வெயில் எல்லாமும் இருக்கின்றன. நாம் அறிய விரும்புவது முதலாவதை மட்டும்தான். தென்மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாகப் பிரித்து ஓடவிடுவது எதற்காக? பெரிய மாட்டோடு பூஞ்சிட்டைச் சேர்த்து விட்டால் ஜெயித்தது சாரதியின் திறமையா மாட்டின் உடம்பா என்று யாராலும் சொல்ல முடியாது. வகுப்பு என்பது கலந்து கிடப்பதைப் பிரிக்கும் சல்லடை.

காரில் அந்தச் சல்லடையை எங்கே பிடிப்பது? குதிரைத்திறனை வைத்துப் பிரித்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். 1990 மாடல் மியாட்டாவின் இன்ஜின் 116 குதிரைத்திறன்தான். அதைவிட மூன்று நான்கு மடங்கு சக்தி உள்ள கார்கள் அதே திடலுக்கு வருகின்றன. ஆனால் கூம்புகளுக்கு நடுவே அந்தச் சக்தியைக் கொட்ட இடமில்லை. வேகமெடுத்த மறுகணமே அடுத்த வளைவு வந்துவிடுகிறது. இங்கே நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: தரையை டயர் எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பது. அதைப் பிடிமானம் என்று அழைப்போம்.

பிடிமானத்தை அளக்க எளிய வழி உண்டு. 300 அடி விட்டத்தில் தரையில் ஒரு வட்டம் போட்டு, வழுக்காமல் எவ்வளவு வேகத்தில் அந்த வட்டத்தைச் சுற்ற முடிகிறது என்று பாருங்கள். ஒரு சுற்றுக்கான நேரம் தெரிந்தால், கார் பக்கவாட்டில் தாங்கும் விசை தெரிந்துவிடும். அந்த விசை காரின் எடைக்குச் சமமாக இருந்தால் அதை 1 ஜி என்பார்கள். சாதாரண டயரில் 0.9 ஜி தாங்கும் கார் அந்த வட்டத்தை மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். நல்ல டயரில் 1 ஜி தாங்கினால் 76. பிடிமானம் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடியும் வேகம் ஐந்து விழுக்காடுதான் கூடியிருக்கிறது. வேகம் கூடக்கூட வளைவு கேட்கும் விசை அதைவிட விரைவாக ஏறுவதுதான் காரணம். சரி, ஐந்து விழுக்காடுதானே என்று விட்டுவிட முடியுமா? பாதை முழுக்க வளைவாகவே இருந்தால், 60 நொடிப் பாதையில் அது 3 நொடி. நூற்றில் ஒரு பங்கு நொடியில் கோப்பை கைமாறும் இடத்தில் 3 நொடி வித்தியாசமுள்ள இரண்டு கார்களை ஒரே வகுப்பில் வைத்தால் போட்டியே இல்லை.

அப்படியானால் பிடிமானம் எங்கிருந்து வருகிறது? உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று பள்ளியில் படித்தோம். அது உண்மையானால் அகலமான டயரால் ஒரு பயனும் இருக்கக் கூடாது. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அந்த விதி ஏறக்குறையப் பொருந்துகிறது; ரப்பருக்குப் பொருந்தவில்லை. புதிதாகக் கொத்திய அம்மிக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துத் தள்ளினால் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு நகரும். பிசைந்த சப்பாத்தி மாவை வைத்து அழுத்தினால் அது பள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்ளும். டயர் ரப்பர் இரண்டுக்கும் இடைப்பட்டது. கான்கிரீட்டின் நுண்ணிய பள்ளங்களுக்குள் அது இறங்குகிறது. பிடுங்கி எடுக்கும்போது பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாமல் தயங்குகிறது. இயற்பியல் புத்தகங்கள் இதற்குத் தயக்கம் என்றே பெயர் வைத்திருக்கின்றன. அந்தத் தயக்கம்தான் பிடிமானத்தின் பெரும்பங்கு.

இதே மாவு இன்னொன்றையும் சொல்லித்தருகிறது. முதலில் அழுத்தும்போது மாவு பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. அதற்குமேல் இரண்டு மடங்கு பலத்தோடு அழுத்தினாலும் இறங்க இடமில்லை. பிடி இரண்டு மடங்காவதில்லை. டயரும் அப்படித்தான். அதன்மேல் சுமை கூடக்கூடப் பிடிமானமும் கூடும். ஆனால் சுமை கூடும் அளவுக்குக் கூடாது. ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் கிடைக்கும் பிடி முந்தைய கிலோவுக்குக் கிடைத்ததைவிடச் சற்றுக் குறைவு. எளிய செய்திதான், ஆனால் மாற்றங்களைப் பற்றிய விதிகளில் முக்கால்வாசி இதன்மேல்தான் நிற்கின்றன.

ஆயிரம் கிலோ காரை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது சக்கரத்துக்கு 250 கிலோ. இப்போது 1 ஜி விசையில் இடப்பக்கம் வளைகிறது. நகரப் பேருந்து திருப்பத்தில் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் வெளிப்பக்கம் சரிவார்களே, அதுபோலக் காரின் சுமையும் வெளிச்சக்கரங்களுக்குப் போகிறது. வெளிப்பக்கச் சக்கரம் ஒவ்வொன்றும் 400 கிலோவுக்கு மேல் சுமக்க, உட்பக்கச் சக்கரங்களுக்கு 100 கிலோகூட மிஞ்சாமல் போகலாம். இதைச் சுமைப்பெயர்ச்சி எனலாம். மொத்தச் சுமை மாறவில்லை, ஆயிரம் ஆயிரமேதான். ஆனால் மொத்தப் பிடிமானம் குறைந்துவிட்டது. அதிகமாக அழுத்தப்பட்ட டயர்கள் கூடுதலாகத் தந்ததைவிட, சுமை இழந்த டயர்கள் இழந்தது அதிகம். லேசான, அகலமான, தரையோடு ஒட்டிய கார் வளைவில் ஜெயிப்பதும் இதனால்தான். 116 குதிரைத்திறன் மியாட்டாவை அலட்சியம் செய்ய முடியாததற்கும் இதுவே காரணம்.

காரை வளைவில் இறுக்கிப் பிடிக்கும் சாய்வுத் தடுப்புத் தண்டு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் இணைக்கும் முறுக்கு இரும்புத் தண்டு அது. அதைத் தடிமனாக்கினால் கார் குறைவாகச் சாயும். ஆகவே சுமைப்பெயர்ச்சியும் குறையும் என்று நினைக்கிறார்கள். குறையாது. எவ்வளவு சுமை பெயரும் என்பதை எடை மையத்தின் உயரமும், சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலமும், வளையும் விசையும் தீர்மானித்துவிடுகின்றன. பெயரும் சுமையில் முன்சக்கரங்கள் எவ்வளவு வாங்கிக்கொள்வது, பின்சக்கரங்கள் எவ்வளவு வாங்கிக்கொள்வது என்ற பங்கீட்டைத்தான் தண்டு மாற்றுகிறது. ஆனால் அந்தப் பங்கீடே பெரிய விஷயம். முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களில் பின்பக்கத் தண்டைத் தடிமனாக்குவார்கள். வளைவில் பின்பக்க உட்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் சுழலும். பார்ப்பவருக்குத் திக்கென்று இருக்கும். ஓட்டுபவருக்கு அதுதான் வேண்டும். பெயரும் சுமையில் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள் ஏற்றுக்கொண்டதால், இழுக்கவும் திரும்பவும் வேண்டிய முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றி நிற்கின்றன.

சுமைப்பெயர்ச்சிக்கு ஒரு எல்லையும் உண்டு. சக்கர அகலத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை நிலைத்தன்மை எண் எனலாம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கார்கள் உருண்டு கவிழும் வாய்ப்பைக் கணிக்க இதைத்தான் பயன்படுத்துகிறது. தாழ்வான கார்களுக்கு இது 1.3-க்கும் 1.5-க்கும் நடுவே இருக்கும். உயரமான எஸ்யூவி வகைகள் சிலவற்றில் 1.1-ஐ ஒட்டி. ஜி கணக்கில் டயரின் பிடிமானம் இந்த எண்ணைவிடக் குறைவாக இருக்கும்வரை கார் வழுக்கும். அதைத் தாண்டினால் வழுக்காது, கவிழும். பழைய டயரோடு பத்திரமாக வழுக்கிக்கொண்டிருந்த உயரமான வண்டிக்கு ஒட்டும் டயரை மாட்டினால், அது ஒரே மாற்றத்தில் கவிழும் வண்டியாகிவிடக்கூடும். கழகம் சில வண்டிகளைத் திடலுக்குள்ளேயே விடாததற்கு இந்த எண் ஒரு காரணம். வகுப்பு பிரிக்கும் விதிகளிலேயே எனக்கு மிகவும் மதிப்புக்குரியது இதுதான். மற்றவை நியாயத்துக்காக, இது உயிருக்காக.

இனி சக்கரச் சாய்வு. கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சக்கரத்தின் டயரும் அதோடு சாய்ந்து, தன் வெளி விளிம்பில் நிற்கப் பார்க்கிறது. நடுப்பகுதியும் உட்பகுதியும் தரையைச் சரியாகத் தொடுவதில்லை. திடலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஓட்டுவதற்கு முன் டயரின் தோள்பட்டையில், அதாவது தரையைத் தொடும் பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், வெள்ளைச் சாக்கட்டியால் குறுக்கே மூன்று நான்கு கோடுகள் இழுப்பார்கள். ஓடி முடித்து வந்ததும் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கித் தரையில் தேய்ந்திருக்கிறது. பக்கச்சுவரின் பாதிவரை சாக்கட்டி அழிந்திருந்தால் காற்று போதவில்லை, அல்லது சாய்வு போதவில்லை. இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் ஊசிமுனை வெப்பமானியை ரப்பரில் குத்தி உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என மூன்று இடத்தில் சூடு பார்ப்பார்கள். மிகச் சூடான இடமே அதிகம் உழைத்த இடம். சக்கரத்தின் தலைப்பகுதியை முன்கூட்டியே உள்நோக்கிச் சாய்த்து வைத்துவிட்டால், கார் சாயும்போது டயர் நிமிர்ந்து தரையை முழுதாகத் தொடும். பல கார்களில் அதற்கு ஷாக் அப்சார்பரின் உச்சியை உள்ளே நகர்த்தும் சின்னத் தகடு போதும். கையகல உலோகம்தான். அது தரும் பிடிமானம், பல நேரங்களில் இன்ஜினுக்குச் செய்யும் பெரும் செலவைவிட அதிக நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

இப்போது விதிப்புத்தகத்தைத் திறந்தால் அது வேறு மாதிரித் தெரியும். கழகத்தின் பிரிவுகள் ஒரு ஏணி. கீழ்ப்படி ஸ்ட்ரீட். ஏறக்குறைய ஷோரூமில் இருந்து வந்தபடி. ஷாக் அப்சார்பரை மாற்றலாம். முன் அல்லது பின் ஏதாவது ஒரு பக்கச் சாய்வுத் தடுப்புத் தண்டை மாற்றலாம். பிரேக் பேட், காற்று வடிகட்டி, சைலன்சரின் பின்பகுதி ஆகியவற்றுக்கும் அனுமதி உண்டு. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைத்துவிடலாம். ரிம்மின் அகலம் மாறக் கூடாது, ஸ்பிரிங் மாறக் கூடாது, இன்ஜின் கணினியைத் தொடக் கூடாது. அடுத்த படி ஸ்ட்ரீட் டூரிங். ஸ்பிரிங், சாய்வுத் தகடு, கணினி நிரல் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ஆனால் டயரின் அகலத்துக்கு வகுப்புவாரியாக உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே ஸ்ட்ரீட் பிரிப்பேர்ட், ஸ்ட்ரீட் மாடிஃபைட், பிரிப்பேர்ட் என்று போய், கடைசியில் மாடிஃபைட். அங்கே சிலவற்றைக் கார் என்று சொல்வதே கடினம். விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோலப் பெரிய இறக்கைகள் வைத்த, கூம்புகளுக்கு நடுவே ஓடுவதற்கென்றே வீட்டுக் கொட்டகையில் கட்டிய எந்திரங்கள் அவை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் காரின் மாடலைப் பொறுத்து வகுப்புகள். ஸ்ட்ரீட்டிலேயே சூப்பர் ஸ்ட்ரீட் தொடங்கி எச் ஸ்ட்ரீட் வரை நீளும்.

இந்தப் புத்தகத்தின் ஆதார விதி ஒன்றே. அனுமதி என்று எழுதப்பட்டிருந்தால் செய்யலாம். எழுதப்படாத எதையும் செய்யக் கூடாது. மாற்றத்தால் கார் வேகமானதா மெதுவானதா என்று யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதுதான் நம் புதிரின் சாவி.

டயரில் நடந்ததைப் பாருங்கள். 2013 வரை கீழ்ப்படியின் பெயர் ஸ்டாக். அதில் பந்தயத்துக்கென்றே செய்த, சாலையில் ஓட்டப் பெயரளவுக்கு அனுமதி பெற்ற டயர்களை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். சீக்கிரம் தேய்ந்து போகும். செலவு ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பதிலாக ஸ்ட்ரீட் பிரிவு வந்தபோது சாதாரணச் சாலை டயர்தான் வேண்டும் என்றார்கள். சாதாரண டயர் என்பதை எப்படி வரையறுப்பது? பிடிமானத்தை நேரடியாக அளந்து வரம்பு போடலாமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஊர்த் திடலிலும் ஒவ்வொரு டயரையும் யார் அளப்பது? ஆகவே டயரின் பக்கச்சுவரில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் தேய்மான எண்ணைப் பிடித்தார்கள். முதலில் 140, பிறகு 200. அதற்குக் குறைவான எண் உள்ள டயருக்கு அனுமதி இல்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க அரசின் விதிப்படி டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆஞ்சலோ நகரை ஒட்டிய பொதுச் சாலைகளில், 400 மைல் சுற்றுப்பாதை ஒன்றில் கார்கள் வரிசையாகப் போகும். சோதிக்க வேண்டிய டயரும், ஒப்பீட்டுக்கான அளவுகோல் டயரும் ஒரே வெயிலில் ஒரே தாரில் மொத்தம் 7,200 மைல் தேயும். அளவுகோலைவிட இரண்டு மடங்கு தாக்குப்பிடிக்கும் டயருக்கு 200. மெதுவாகத் தேயும் ரப்பர் பொதுவாகக் கெட்டியானது. கெட்டியான ரப்பர் பொதுவாகப் பிடி குறைந்தது. அந்தப் ‘பொதுவாக’ என்ற சொல்லை நம்பித்தான் விதி நிற்கிறது. மேலும் எண்ணை அச்சிடுவது டயர் தயாரிப்பாளர்தான். சோதனை காட்டியதைவிட உயர்த்திப் போடக் கூடாது. தாழ்த்திப் போடத் தடையில்லை. வரம்பு 200 என்று ஆனதும், 200 என்று அச்சிட்டபடியே பந்தய டயரை நெருங்கும் பிடிமானம் உள்ள ரப்பர்கள் சந்தைக்கு வந்தன. 2015-இல் வந்த பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர் அப்படிப் பேர் வாங்கியவற்றில் ஒன்று. அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக அளக்க முடிந்த ஒன்றை வரம்பாக வைத்தால், எல்லாரும் அந்த எண்ணுக்குத்தான் உழைப்பார்கள். தேர்வு மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் பிள்ளைகளை வளர்த்த நமக்கு இது விளங்காததல்ல.

அதேபோல ஸ்பிரிங்கை நோக்குங்கள். குட்டை ஸ்பிரிங் எவ்வளவு நேரம் மிச்சம் பிடிக்கும் என்று அளக்க வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? ஒரே ஓட்டுநர், ஒரே நாள், ஒரே பாதை, மாற்றிமாற்றிப் பல முறை. நண்பகலில் தரை சூடேறும், டயர் சூடேறும், ஓட்டுநருக்குப் பாதை பழகிவிடும். ஒரே ஆள் ஒரே காரை அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினாலே நேரங்கள் ஒரு நொடிவரை வேறுபடுவது சாதாரணம். அரை நொடி வித்தியாசத்தை அந்த இரைச்சலுக்குள் தேடிப் பிடிப்பது கடினம். அதுவும் இந்த மியாட்டாவில் தவறான ஷாக் அப்சார்பரோடு போட்டதால் மெதுவான அதே ஸ்பிரிங், சரியான ஷாக் அப்சார்பரும் சக்கரச் சாய்வும் சேர்ந்தால் வேகத்தைக் கூட்டும். பாகத்துக்குத் தனியான வேகம் என்று ஒன்று கிடையாது; மற்ற பாகங்களோடு சேரும்போதுதான் அதன் மதிப்பு தெரியும். ஆகவே விதி வேகத்தை அளப்பதைக் கைவிட்டு, மாற்றத்தின் வகையை மட்டும் பார்க்கிறது. ஸ்பிரிங் மாறியதா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்தே சொல்லிவிடலாம். அதில் தகராறுக்கு இடமில்லை.

இதனால் இழப்பு யாருக்கு? பாதி மாற்றம் செய்தவர்களுக்கு. ஒவ்வொரு வகுப்பிலும் ஜெயிக்கிற கார், அந்த வகுப்பு அனுமதிக்கும் எல்லாவற்றையும் எல்லை தொடும்வரை செய்த கார். ஒரு மாற்றத்துக்காக மேல்படிக்குப் போனவர், மீதி பத்து மாற்றங்களைச் செய்யாத குறையோடு அங்கே நிற்கிறார். விதி கொடுமையானது என்று அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. விதியின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு படியில் நிற்கும் எல்லாருக்கும் ஒரே கதவுகள் திறந்திருக்கின்றன. எத்தனை கதவுக்குள் நுழைந்தார் என்பது அவரவர் முடிவு. நான் இந்த இரண்டாவது பார்வையின் பக்கம்தான். ஆனாலும் புதிதாக வருபவரிடம் வாசலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். காசைக் கொட்டிய பிறகு அல்ல.

வகுப்பு கடந்து எல்லாரையும் ஒப்பிட ஒரு முயற்சியும் இருக்கிறது. பேக்ஸ் எண் என்பார்கள். சமன்பெருக்கி என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்றோ ஒன்றுக்குக் குறைவோ ஆன ஓர் எண் கொடுத்து, ஓடிய நேரத்தை அதால் பெருக்குவார்கள். விளங்குவதற்காகச் சொல்கிறேன்: 0.80 என்ற எண் உள்ள கார் 64 நொடியில் ஓடினால் 51.200. 0.85 உள்ள வேகமான கார் 60.5 நொடியில் ஓடினால் 51.425. தரையில் தோற்றவர் தாளில் ஜெயித்தார்.

அந்த எண்களை எந்தச் சோதனைச்சாலையும் அளந்து தருவதில்லை. நாடு முழுக்க நடக்கும் பெரிய போட்டிகளில், ஒரே பாதையில் ஒவ்வொரு வகுப்பின் மிகச் சிறந்தவர்களும் எடுத்த நேரங்களைத் திரட்டி ஒப்பிட்டு, ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். அடிப்படை நம்பிக்கை இதுதான்: உச்சியில் இருப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய சமத் திறமையுள்ளவர்கள், ஆகவே அவர்களுக்குள் மிஞ்சும் வித்தியாசம் காருடையது. அழகான யோசனை. ஓட்டை எங்கே என்றும் உடனே தெரிகிறது. அபூர்வமான ஓட்டுநர் ஒருவர் ஒரு வகுப்புக்கு மாறிப் போனால், அங்குள்ள கார்கள் ஒரு திருகாணிகூட மாறாமலே வேகமானவை ஆகிவிடும். பெருக்கி அந்த வகுப்புக்குக் கடுமையாகும். மழை பெய்தால் கணக்கே புரண்டுபோகும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார்கள் சட்டென்று முன்னேறும். ஒட்டும் ரப்பருக்கும் அகலத்துக்கும் இருந்த மதிப்பு மாறிவிடும். காய்ந்த கான்கிரீட்டில் பிறந்த எண்ணுக்கு ஈரம் தெரியாது.

வகுப்புப் பட்டியலும் இதேபோலத் தன்னைத் திருத்திக்கொண்டே வருகிறது. ஒரு புதிய மாடலை எந்த வகுப்பில் வைப்பது என்று உறுப்பினர்களின் குழு ஒன்று ஊகிக்கிறது. அந்த ஊகம் கழகத்தின் மாத அறிக்கையில் வெளியாகும். உறுப்பினர்கள் ஆதரித்தும் எதிர்த்தும் கடிதம் எழுதுவார்கள். அடுத்த பருவத்தின் முடிவுகள் வரும். ஒரு மாடலே எல்லாக் கோப்பைகளையும் அள்ளிவிட்டால் அதை மேலே ஏற்றுவார்கள். முதலில் ஊகம், பிறகு சோதனை, பிறகு திருத்தம்.

காரையும் ஓட்டுநரையும் பிரிக்கும் மிகச் சுத்தமான சோதனை மட்டும் யாரும் திட்டமிடாமலே ஒவ்வொரு போட்டியிலும் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒரே காரை இரண்டு பேர் பகிர்ந்து ஓட்டுவது வெகு சகஜம். ஒருவர் இறங்க, மற்றவர் ஏறுவார்; இருக்கையை முன்னே தள்ளி, கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பலகையில் எண்ணை மாற்றிக்கொண்டு, டயர் ஆறும் முன் கிளம்புவார். அதே ரப்பர், அதே ஸ்பிரிங், அதே வெயில். இறங்கியவருக்கு 58.2, ஏறியவருக்கு 60.9 என்று வந்தால் அந்த 2.7 நொடியைக் காரின்மேல் போட முடியாது.

நம் மியாட்டாக்காரருக்கு இரண்டு வழி உண்டு. மேல்படியிலேயே நின்று, சக்கரச் சாய்வு, ஷாக் அப்சார்பர், கணினி நிரல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓரிரு ஆண்டில் அந்த வகுப்பின் எல்லையைத் தொடலாம். அல்லது கொட்டகை மூலையில் பழைய துணியில் சுற்றி வைத்திருக்கும் நான்கு தொழிற்சாலை ஸ்பிரிங்குகளை வெளியே எடுக்கலாம். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் வேலை முடிந்துவிடும். பிறகு கதவில் உள்ள நீல நாடாவை உரித்துவிட்டு, புதிய எழுத்துகளை ஒட்ட வேண்டும்.